குட்டி வாக்கியம் போதும் என்பவர்களுக்கு

"ஊர்ப் பிள்ளைகளுக்கு வாக்கியம் இணைக்கிற இலக்கணம் எதற்கு? முதலில் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசட்டும்." மன்னார் மாவட்டத்தில் ஆங்கிலக் கல்வி பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து முடிகிறது. பெற்றோர் சொல்கிறார்கள். ரியூசன் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். தரம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் படிப்பிக்கிற ஆசிரியர்கள் சிலரும் சொல்கிறார்கள். நல்ல மனத்தோடு சொல்லப்படுகிற பேச்சு என்பதால் யாரும் இதை எதிர்த்து நிற்பதில்லை. நான் எதிர்க்கிறேன். இந்தக் கருத்துப் பிழையானது. இந்த மாவட்டத்துப் பெரியமடு போன்ற ஓர் ஊரில் அது கேடும்கூட.

எந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டு சிறு வாக்கியங்களை எடுத்து, ஒன்று மற்றதோடு ஒத்துப்போகிறது என்றோ முரண்படுகிறது என்றோ காட்டி ஒன்றாக்குகிற பாடம். ஒத்துப்போவதற்கு ‘ஸோ டூ ஐ’, ‘நைதர் டூ ஐ’, கடைசியில் வருகிற ‘டூ’, ‘ஐதர்’. முரணுக்கு ‘பட்’, ‘ஆல்தோ’, ‘வைல்’, ‘ஹவெவர்’. புத்தகத்தில் இதற்குக் கிடைப்பது சில பக்கங்கள். தவணை நெருங்கி நேரம் போதாமல் போனால் ஆசிரியர் முதலில் தாண்டிப் போகிற பக்கங்களும் இவைதான்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்கள் சொல்கிறபடியே வைக்கிறேன். பிள்ளை தரம் மூன்றிலிருந்து பதினொன்றுவரை ஆங்கிலம் படிக்கிறது. ஆனாலும் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பெயர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறது. காரணம் பயம். பயத்துக்குக் காரணம் இலக்கணம். கரும்பலகையில் இருபது சோடி வாக்கியங்களை எழுதிப்போட்டு ‘இணைத்து எழுதுக’ என்றால் பிள்ளை இயந்திரம் போல இணைக்கும், பத்துக்குப் பத்து வாங்கும், ஒரு சொல்லும் பேசாது. பின்தங்கிய வலயங்களில் ஆங்கில ஆசிரியர் கிடைப்பதே கடினம். கிடைக்கிற நேரத்தை வணக்கம் சொல்ல, விலை கேட்க, வழி கேட்க, தன்னை அறிமுகப்படுத்தப் பழக்குவதில் செலவிடுவதுதான் புத்தி. குட்டிக் குட்டி வாக்கியமே தெளிவானது. ‘மீ டூ’ என்றால் வெள்ளைக்காரனுக்கும் விளங்கும். மற்றதெல்லாம் பல்கலைக்கழகம் போகிறவன் பிறகு படித்துக்கொள்வான்.

இதில் உண்மையான பகுதி உண்டு. பயம் உண்மை. கரும்பலகைச் சடங்கு உண்மை. ஆசிரியர் பற்றாக்குறையும் உண்மை. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து அவர்கள் வருகிற முடிவு எங்கேயும் பொருந்தாது. ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

1. தாய்மொழியை இலக்கணம் படித்தா பேசினோம் என்கிறார்கள்.

யார் அப்படிக் கற்றது, எத்தனை மணி நேரம் கேட்டுக் கற்றது? பெரியமடுவில் பிறக்கிற பிள்ளை சுபஹுத் தொழுகைக்கு வாப்பா எழும்புகிற நேரத்திலிருந்து உம்மா விளக்கணைக்கிற வரைக்கும் தமிழுக்குள் கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவது நாற்பது நிமிடப் பாடவேளையில், அதுவும் ஆசிரியர் வந்த நாளில். அந்தப் பாடவேளையிலும் பாதி தமிழ். கேட்டே கற்றுக்கொள்ளும் என்பது கேட்பதற்கு ஆங்கிலம் இருக்கிற வீட்டுக்குப் பொருந்துகிற வாதம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தாய்மொழியில் பிள்ளை முதலில் கற்பது தனி வாக்கியம் மட்டும்தான், இணைப்பெல்லாம் பிறகு வருகிற ஆடம்பரம் என்று இவர்கள் எண்ணுகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையைக் கவனியுங்கள். ராத்தாவுக்கு மாம்பழத் துண்டு கொடுத்தால் அடுத்த நொடி ‘எனக்கும்’ என்கிறது. அந்த ஒரு ‘உம்’முக்குள் முழு வாக்கியம் ஒன்று அடங்கியிருக்கிறது. ‘ராத்தாவுக்குக் கொடுத்தாய்’ என்ற சொல்லப்படாத முதல் வாக்கியத்தை அது தழுவி நிற்கிறது. இதை நம் இலக்கணக்காரர்கள் எச்சவும்மை என்று பெயரிட்டு, முன் நடந்ததைத் தழுவுவது, பின் வருவதைத் தழுவுவது என்று பிரித்தும் வைத்தார்கள். தொல்காப்பியமும் நன்னூலும் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கின்றன. வாக்கியங்களை ஒப்புக்காக இணைக்கிற அறிவு இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வருமுன்பே அது வாயில் இருக்கிறது.

புதிதாக இருப்பது ஆங்கிலம் அதைச் செய்கிற விதம். ‘எனக்குப் பசிக்குது’ என்றால் ‘எனக்கும்தான்’. ‘நான் வாறன்’ என்றால் ‘நானும்தான்’. ‘என்னட்ட காசில்ல’ என்றால் ‘என்னட்டயும்தான்’. தமிழில் மாறுவது பெயர்ச்சொல்லின் வேற்றுமை. வினையைத் திரும்பத் தொடவே வேண்டியதில்லை. உடன்பாட்டுக்கும் எதிர்மறைக்கும் அதே ‘உம்’. ஆங்கிலத்தில் நேர்மாறு. ‘ஐ’ அப்படியே நிற்கும், துணைவினை மாறும். முன்னால் பேசியவர் நிகழ்காலத்தில் சொன்னால் ‘ஸோ டூ ஐ’, இறந்தகாலத்தில் சொன்னால் ‘ஸோ டிட் ஐ’, ‘கேன்’ போட்டுச் சொன்னால் ‘ஸோ கேன் ஐ’, ‘ஆம்’ போட்டுச் சொன்னால் ‘ஸோ ஆம் ஐ’. எதிர்மறை என்றால் ‘ஸோ’ போய் ‘நைதர்’ வரும். கடைசியில் சேர்க்கிற ‘டூ’ போய் ‘ஐதர்’ வரும். அதாவது மற்றவர் வாயிலிருந்து வந்த வினையைக் காது கொடுத்துப் பிடித்து, அதன் காலத்தையும் உடன்பாட்டையும் பிரித்தறிந்து, அந்த நொடியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். தமிழ்க் காது வேற்றுமையைத் தேடப் பழகியது. வினையைத் தேடு என்று அதற்கு ஒருவர் சொல்லித்தர வேண்டும். தானாக வரும் என்று விட்டால் வராது. வராததால்தான் ஒன்பது வருடம் படித்த பிள்ளையும் எல்லாவற்றுக்கும் ‘மீ டூ’ என்கிறது.

2. பிழையாகச் சொன்னாலும் விளங்கும் என்கிறார்கள்.

பல வேளை விளங்கும். ‘எனக்கு மீன் பிடிக்காது’ என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, நம் பிள்ளை ‘மீ டூ’ என்று பதில் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே விளங்கிக்கொள்வார். சிரிப்பு வராத இடங்களைப் பாருங்கள்.

தமிழில் ‘இன்னும் சாப்பிடல்லத்தானே?’ என்று கேட்டால் ‘ஓம்’ என்பது சரியான பதில். சொன்னது சரி, சாப்பிடவில்லை என்று பொருள். கேட்டவரின் கூற்றோடு நாம் ஒத்துப்போகிறோம். அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘யெஸ்’ என்றால் சாப்பிட்டுவிட்டேன் என்று பொருள் கொள்ள இடமுண்டு. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைக்கு வந்து நிற்கிறவரிடம், தமிழ் தெரியாத வைத்தியர் ஆங்கிலத்தில் இதைக் கேட்டால் என்ன ஆகும்? கட்டாரில் வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர் ‘வால்வை நீ பூட்டவில்லைத்தானே?’ என்று கேட்க, நம் பையன் தமிழ்க் கணக்கில் ‘யெஸ்’ என்றால் அவர் பூட்டியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு போவார். மன்னார்க் கரையோரத்திலிருந்தும் உட்கிராமங்களிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிற இளைஞர்களுக்கு இது கற்பனை ஆபத்தன்று.

இந்தக் குழப்பம் சொல் தெரியாததால் வருவதில்லை. ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் பாலர் வகுப்புச் சொற்கள். ஒத்துப்போவதை ஆங்கிலம் எதனோடு கட்டுகிறது என்று தெரியாததால் வருகிறது. தமிழ் ஓமும் இல்லையும் கேட்டவரின் கூற்றைப் பார்த்துப் பதில் சொல்லும். ஆங்கில ‘யெஸ்’, ‘நோ’ பின்னால் வரப்போகிற தன் வாக்கியத்தின் வினையைப் பார்க்கும். ‘நைதர்’, ‘ஐதர்’ பயிற்சிகளைச் சரியாகச் செய்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு பழக்கத்தில் ஊறிவிடும். பேச்சு ஆங்கிலம் வேண்டும் என்று சொல்கிறவர்கள்தான் இந்தப் பயிற்சியை முதலில் கேட்டிருக்க வேண்டும். பேச்சு என்பது இன்னொருவர் சொன்னதற்கு ஒத்தோ மறுத்தோ சொல்லப்படுவது. பெயர், வயது, ஊர், பாடசாலை என்று ஒப்புவிப்பது பேச்சாகாது. எதிரே ஆள் இல்லாவிட்டாலும் அதைச் செய்யலாம்.

3. குட்டி வாக்கியமே தெளிவு என்கிறார்கள்.

இந்த வாதம்தான் படித்தவர்களையும் மயக்குகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே இன்று குறுகிய வாக்கியத்தைப் போற்றுகிறார்கள் என்று ஹெமிங்வேயை இழுப்பார்கள். ஹெமிங்வேயைத் திறந்து பார்க்கட்டும். சின்னச் சொற்கள் உண்மை, ஆனால் ‘அண்ட்’ போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போகிற நீண்ட வாக்கியங்களும் அவர் எழுத்தில் நிறைய. எங்கே வெட்டுவது, எங்கே கட்டுவது என்று தெரிந்தவர் வெட்டினார். கட்டவே தெரியாதவருக்கு வெட்டுவது ஒரு தெரிவு ஆகாது.

ஆனால் ஹெமிங்வே இங்கே முக்கியமில்லை. பெரியமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளை ஒன்று தன் கொப்பியில் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதுகிறது என்று வையுங்கள். ‘குளத்தில் தண்ணீர் இருக்கிறது. எங்கள் வயலில் தண்ணீர் இல்லை.’ இரண்டும் பிழையில்லாத வாக்கியங்கள். இரண்டும் தெளிவு. சேர்ந்து என்ன சொல்கின்றன? ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தகவல்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

நடுவில் ‘அண்ட்’ போட்டுப் பாருங்கள். அறிக்கை ஆகிறது. ‘பட்’ போட்டுப் பாருங்கள். அறிக்கை முறைப்பாடாகிறது. தண்ணீர் வந்திருக்க வேண்டும், வரவில்லை, யாரோ பதில் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஒரு சொல்லில் ஏறிவிட்டது. இனி ‘ஆல்தோ’ எடுங்கள். ‘குளத்தில் தண்ணீர் இருந்தும் எங்கள் வயலில் இல்லை’ என்று முதல் வாக்கியத்தின் முன்னால் வைத்தால் பாரம் வயலில் இறங்குகிறது. இது விவசாயியின் வாக்கியம். ‘உங்கள் வயலில் தண்ணீர் இல்லாவிட்டாலும் குளத்தில் இருக்கிறது’ என்று அதே சொல்லை மற்ற வாக்கியத்தின் முன்னால் வைத்தால் பாரம் குளத்தில் இறங்குகிறது. இது பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் வாக்கியம். உண்மைகள் அதே இரண்டு. இணைப்பு எந்தப் பக்கத்தில் விழுந்தது என்பதில் வழக்கே மாறிவிட்டது. காலபோகத்துக்குத் தண்ணீர் திறக்கிற கூட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே சண்டை தகவலைப் பற்றியதாக இருப்பதில்லை, எந்தத் தகவலை எதன்கீழ் வைப்பது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்த ஊருக்கு இது குளத்தோடு முடிகிற விஷயமன்று. பெரியமடு மாந்தை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவில், விடத்தல்தீவுக் கரையை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களும் போயின. புத்தளம் பக்கத்தில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. போர் 2009இல் முடிந்த பிறகுதான் திரும்பி வரவும் காடு மூடிக் கிடந்ததைத் துப்புரவாக்கவும் முடிந்தது. வந்தவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் பல, கேட்டவர்கள் பலர். அவர்களில் தமிழோ சிங்களமோ தெரியாதவர்களும் இருந்தார்கள். பதிலின் உடல் எப்போதும் இந்த இரண்டு வாக்கியம்தான்: ‘இருபது வருடமாக நாங்கள் இங்கே இருக்கவில்லை. நாங்களாகப் போகவில்லை.’

இதை இரண்டு குட்டி வாக்கியமாக விட்டால் கேட்கிறவர் முதலாவதை எழுதிக்கொண்டு போய்விடலாம். அது அவருக்குப் போதுமான பதில். ‘இருக்கவில்லை’ என்பது கைவிட்ட காணி என்று கோப்பில் ஏறும். இரண்டையும் பிரிக்க முடியாதபடி ‘ஆல்தோ’வாலோ ‘பட்’டாலோ ‘பிகோஸ்’ஸாலோ கட்டிச் சொன்னவரின் வாக்கியத்தைப் பாதியில் வெட்டி எடுத்துக்கொண்டு போவது அத்தனை எளிதல்ல. இதே மாவட்டத்தில் முசலிப் பக்கத்தில் 2017இல் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டபோது கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ‘இங்கே காடு இருக்கிறது’ என்றது. மறுபக்கம் ‘இங்கே ஊர் இருந்தது’ என்றது. இரண்டும் உண்மை. காடு இருப்பது ஊர் துரத்தப்பட்டதால் என்கிற இணைப்புத்தான் முழு வழக்கும். அந்த இணைப்பை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் துரத்தப்பட்டவர்கள் பக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? காட்டுக்காகப் பேசியவர்களைக் குறைசொல்ல நான் இதைக் கேட்கவில்லை. துரத்தப்பட்டவர்களுக்கும் அந்த விவாதத்தில் சமமான மொழி வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

4. இந்தப் பயிற்சிகள் வீண் என்று ஆய்வுகளே சொல்லிவிட்டன என்கிறார்கள்.

ஆய்வுகள் சொன்னது வேறு. சொன்னதைப் பாதி கேட்டு வந்தவர்கள் பரப்பியது வேறு. தனியே இலக்கணம் படிப்பிப்பதால் பிள்ளைகளின் எழுத்து மேம்படுவதில்லை என்று அமெரிக்காவில் பிரடொக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 1963இல் எழுதினார்கள். அது உண்மை. பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று கோடிட்டுக் காட்டச் சொல்வதற்கு எதிரான முடிவு அது. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? ஜோன் மெலன் 1969இல் சிறு வாக்கியங்களை இணைக்கப் பழக்கிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தில் வாக்கிய அமைப்பு வளர்ந்ததைக் காட்டினார். ஃபிராங்க் ஓஹேர் 1973இல் இன்னும் ஒரு படி போனார். இலக்கணப் பெயர்கள் ஒன்றையும் சொல்லாமல் வாக்கியம் இணைப்பதை மட்டும் பழக்கினார். எழுத்து வளர்ந்தது. 1986இல் ஜோர்ஜ் ஹில்லொக்ஸ் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டபோது தனி இலக்கணப் பாடம் தேறவில்லை, வாக்கியம் இணைத்தல் தேறியது. 2007இல் கிரஹாமும் பெரினும் நான்காம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை செய்யப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். வாக்கியம் இணைத்தலின் விளைவு 0.50. தனி இலக்கணப் பாடத்தின் விளைவு மைனஸ் 0.32. ஒன்று தூக்கிவிட்டது, மற்றது கீழே இழுத்தது. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வெளியே வீசிவிட்டார்கள்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிற நாட்டுப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டவை. எங்கள் மடுக் கல்வி வலயத்துப் பிள்ளைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக்கூடத் தன் மொழியில் வாக்கியம் இணைக்கப் பயிற்சி தேவைப்பட்டது என்றால், அந்த மொழியை நாற்பது நிமிடம் கேட்கிற பிள்ளைக்கு அது தேவையில்லை என்று எந்தத் துணிவில் சொல்கிறீர்கள்?

பயிற்சி கெட்டுப்போனது எப்படி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1930களில் இந்தியாவில் வெளிவந்து இங்கேயும் தலைமுறைகளை ஆண்ட ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலில் வாக்கியம் இணைப்பதற்குத் தனி அத்தியாயங்களே உண்டு. அதன் வழியில் வந்த வகுப்புகளில் ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் தொடர்பிருக்காது. யார் எதற்காகச் சொன்ன வாக்கியம் என்று பிள்ளைக்குத் தெரியாது. சொல்கிறவன் இல்லாத வாக்கியத்தில் ஒத்துப்போக என்ன இருக்கிறது, முரண்பட என்ன இருக்கிறது? பிள்ளை இயந்திரமானது அங்கேதான். கெட்டது சோடி வாக்கியங்கள். இணைத்தல் கெடவில்லை. உப்புக் கூடிய கறியைக் கொட்டிவிட்டு இனிமேல் கறியே சமைப்பதில்லை என்று எந்த வீட்டிலும் முடிவெடுப்பதில்லை.

5. கைப்பேசி மொழிபெயர்த்துத் தரும் என்கிறார்கள்.

தரும். நீங்கள் கொடுத்ததைத் தரும். இரண்டு துண்டு வாக்கியம் கொடுத்தால் இரண்டு துண்டு வாக்கியம் திரும்பி வரும். எந்தப் பக்கம் பாரம் வைப்பது என்பது கைப்பேசிக்குத் தெரியாது. வந்த ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க வாசிக்கிறவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசி வந்த பிறகு இந்த அறிவின் தேவை கூடியிருக்கிறது.

6. ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தாங்காது என்கிறார்கள்.

மற்ற எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடப்பது இதுதான். வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டு வேறு வேறு உருவத்தில் சொல்கிறார்கள்.

தாங்கும். உதாரணம் ஒன்று போதும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’வில் தொடங்கி, அடுத்த வாக்கியத்துக்கு ‘பட்’டும் போடுவார்கள். ஆசிரியர் சிவப்புப் பேனையால் கோடு இழுத்துவிட்டுப் போவார். அந்தப் பிழையை உற்றுப் பாருங்கள். தமிழில் ‘மழை பெய்தாலும்’ என்பதில் முரண் முதல் வாக்கியத்தின் வாலில் வருகிறது. ‘ஆனால்’ என்பதில் இரண்டாவதன் தலையில் வருகிறது. பேசும்போது இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் தமிழ் பொறுத்துக்கொள்ளும். பிள்ளை இரண்டு இடத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுபோய் நிரப்புகிறது. அது அறியாமையின் பிழையில்லை. முரண் எங்கே இருக்கிறது என்று அதற்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு கட்டுப் போதும் என்பது மட்டும்தான் தெரியவில்லை. ஒரு பாடவேளையில் சொல்லித் தீர்க்கிற விஷயம். இதைச் செய்யாமல் ‘தாங்காது’ என்று தீர்ப்பெழுதுவது ஆசிரியத் தொழிலுக்கு அடுக்காது.

அதன் விளைவு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். கொழும்பில் கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளை பதினான்கு வயதில் ஒரு தலைப்பை எடுத்து ஒருபக்கம் ஒத்து, மறுபக்கம் மறுத்து ஆங்கிலத்தில் எழுதுகிறது. பெரியமடுப் பிள்ளை அதே வயதில் ‘மை நேம் இஸ்’ சொல்லிக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் ‘ஆங்கிலம்’ என்றே பாடத்தின் பெயர். ஒருவருக்குக் கிடைப்பது வாதாடுகிற மொழி. மற்றவருக்குக் கிடைப்பது கட்டளை கேட்கிற மொழி. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’, வாள், என்று பெயர் வைத்தது இந்தப் பிளவைப் பார்த்துத்தான். தன்மேல் வீசப்படுகிற வாள். நாலு வார்த்தை பேசினால் போதும் என்கிறவர்கள் அந்த வாளின் பிடி யார் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள், அவர்கள் அப்படி நினைக்காவிட்டாலும்.

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்துக்கு இந்த நாட்டு அரசியலமைப்பில் இணைப்பு மொழி என்று இடம் கொடுத்தது. தமிழும் அரசகரும மொழி என்று எழுதியதும் அதே திருத்தம்தான். எனவே தமிழில் கடிதம் எழுதி தமிழில் பதில் கேட்கிற உரிமையை நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தமிழ் தெரியாத சிங்கள அதிகாரியும் சிங்களம் தெரியாத தமிழ் பேசுகிறவரும் ஒரே மேசையில் உட்காரும்போது நடுவில் வருவது ஆங்கிலம். அந்த மேசையில் நடப்பது விலை கேட்பதும் வழி கேட்பதுமா? ‘நீங்கள் சொல்வது சரி, ஆனால்’ என்பதுதான் அங்கே நடக்கிற வேலை. ‘எங்களுக்கும் அது கிடைக்கவில்லை’ என்பதுதான் அங்கே சொல்ல வேண்டிய செய்தி. இந்த இரண்டு வாக்கிய வகைகளையும் தாண்டிப்போன பாடத்திட்டம் அந்த மேசைக்குப் பிள்ளையைத் தயார் செய்யவே இல்லை.

அப்படியென்றால் வகுப்பில் என்ன செய்வது? கரும்பலகையில் இருபது சோடி வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி உண்மையான ஒரு வாக்கியம் சொல்லட்டும். நேற்று நான் பள்ளமடுவுக்குப் போனேன். எனக்குச் சைக்கிள் இல்லை. நான் நீந்துவேன். அடுத்த பிள்ளை அதைக் கேட்டு, தனக்கும் அது உண்மையென்றால் ‘ஸோ’வோ ‘நைதர்’ஓ போட்டு ஒத்துச் சொல்லட்டும். உண்மையில்லை என்றால் ‘பட்’ போட்டு மறுத்துச் சொல்லட்டும். பொய் சொல்லி ஒத்துப்போக அனுமதிக்க வேண்டாம். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி இருந்தால் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு மற்றப் பிள்ளையின் வினையைக் கேட்கும். பயம் போகிற இடமும் அதுதான். தன்னைப் பற்றிய பேச்சில் தன்னை யாரும் வெல்ல முடியாது என்று பிள்ளைக்குத் தெரியும். இதற்குப் புத்தகம் வேண்டாம், ஸ்மார்ட் போர்ட் வேண்டாம். எழுத்துக்கு வரும்போது கொப்பியில் அந்தப் பிள்ளையே எழுதிய இரண்டு வாக்கியங்களை எடுத்து, மூன்று விதமாக இணைக்கச் சொல்லி, ஒவ்வொன்றும் யார் சார்பில் பேசுகிறது என்று கேட்க வேண்டும். தமிழிலேயே பதில் சொல்லட்டும். பதில் சரியாக இருந்தால் ஆங்கிலம் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மடு வலயத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவு: அடுத்த தவணையில் நேரம் போதாமல் போனால் வேறு எதையாவது விடுங்கள், இந்தப் பக்கங்களை விடாதீர்கள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை. ரியூசனுக்குக் காசு கட்டும்போது ‘பிள்ளை பேசுதா’ என்று கேட்கிறீர்கள். யாராவது சொன்னதை அது ஆங்கிலத்தில் மறுத்துப் பேசுதா என்றும் இனிக் கேளுங்கள்.